கூட்டினால் விரியும், கழித்தால் சுருங்கும்

சராசரிகளைக் கூட்டுவதில் தொல்லை ஏதும் இல்லை. ஒரு வீட்டில் கணவர் மாதம் சராசரியாக 20,000 ரூபாயும் மனைவி 15,000 ரூபாயும் சம்பாதித்தால் குடும்பத்தின் சராசரி வருமானம் 35,000. இருவரும் ஒரே மில்லில் வேலை பார்க்கிறார்களா, வேறு வேறு தொழிலா என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அந்த வருமானம் மாதத்துக்கு மாதம் எவ்வளவு ஏறி இறங்கும் என்று கேட்டுவிட்டால், முதலில் விசாரிக்க வேண்டியதே அதுதான். ஒரே மில் என்றால், ஆர்டர் குறைந்த மாதத்தில் இருவர் கையிலும் பணம் குறையும். தொழில் வேறு என்றால் ஒருவரின் குறையை மற்றவரின் வரவு ஓரளவு ஈடுகட்டும். எண்களுக்கு இடையே உள்ள இந்த உறவைக் கணக்கில் சேர்ப்பதா விடுவதா என்பதில் மருந்துச் சோதனை முதல் பயிர்க் காப்பீடு வரை எத்தனையோ முடிவுகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. பாடநூல்களில் ஒரு வரியாகக் கடந்துபோகும் ஒரு சூத்திரத்துக்கு இவ்வளவு எடை இருப்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏற்ற இறக்கத்தை அளக்கப் புள்ளியியல் பயன்படுத்துவது பரவற்படி. ஒவ்வொரு மதிப்பும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, அந்த விலக்கங்களை வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால் அது கிடைக்கும். அதன் வர்க்கமூலம் திட்ட விலக்கம். இப்போது அ, ஆ என்று இரண்டு மாறிகள் இருக்கட்டும். கூட்டுத்தொகையின் விலக்கம், இரண்டின் விலக்கங்களைக் கூட்டினால் வருவது. அதை வர்க்கப்படுத்தினால், பள்ளியில் படித்தபடி, முதலாவதின் வர்க்கமும் இரண்டாவதின் வர்க்கமும் வருவதோடு இரண்டின் பெருக்கல்பலனும் இரண்டு மடங்காக வந்து சேர்கிறது. அந்தப் பெருக்கல்பலனின் சராசரிக்கு உடன்மாறுபாடு என்று பெயர். ஆகவே:

பரவற்படி (அ + ஆ) = பரவற்படி (அ) + பரவற்படி (ஆ) + 2 × உடன்மாறுபாடு (அ, ஆ)

பரவற்படி (அ − ஆ) = பரவற்படி (அ) + பரவற்படி (ஆ) − 2 × உடன்மாறுபாடு (அ, ஆ)

இரண்டாவது வரியில் மாணவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மாறிகளைக் கழித்தாலும் பரவற்படிகள் கழிபடுவதில்லை. அவை கூடத்தான் செய்கின்றன. குறி மாறுவது கடைசி உறுப்புக்கு மட்டுமே. உடன்மாறுபாட்டை இரு திட்ட விலக்கங்களின் பெருக்கல்பலனால் வகுத்தால் −1 முதல் +1 வரை அடங்கும் ஒட்டுறவுக் கெழு கிடைக்கிறது. வடிவியல் தெரிந்தவர்கள் இதைப் பார்த்ததும் கொசைன் விதியை அடையாளம் கண்டுகொள்வார்கள். திட்ட விலக்கங்களை முக்கோணத்தின் இரு பக்கங்களாகவும், ஒட்டுறவை இடைக்கோணத்தின் கொசைனாகவும் எடுத்துக்கொண்டால், வித்தியாசத்தின் திட்ட விலக்கம் மூன்றாம் பக்கம். ஒட்டுறவு பூச்சியமானால் செங்கோணம். அப்போது 3, 4 என்ற திட்ட விலக்கங்கள் பிதாகரஸ் சொன்னபடி 5 ஆகின்றன. முழு நேர் ஒட்டுறவு இருந்தால் கூட்டலுக்கு 7, கழித்தலுக்கு 1. மூலத் தரவுகளின் பரவல் துளியும் மாறாமல், உறவு மட்டும் மாறி, விடை 1க்கும் 7க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கலாம்.

சார்பற்ற மாறிகளைக் கூட்டும்போது பரவற்படிகள் அப்படியே கூடும் என்பதை வானியல் அளவைப் பிழைகளை ஆராய்ந்த காலத்திலேயே காஸ் அறிந்திருந்தார். பிரான்ஸில் பியனேமே 1853இல் அதைப் பொதுவாக எழுதினார். உறவுக்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்ற எண்ணம் பின்னால்தான் வந்தது. கால்ட்டன் 1888இல் மனித உடல் அளவுகளை வைத்து அதைத் தொடங்கினார். கார்ல் பியர்சன் 1896இல் இன்று நாம் பயன்படுத்தும் கெழுவுக்குக் கணித வடிவம் தந்தார். 1918இல் ஃபிஷர் ஒரு கட்டுரையில் பரவற்படியைத் தனி அளவையாக முன்னிறுத்தினார். திட்ட விலக்கத்தை விட்டு அதன் வர்க்கத்தை அவர் தேர்ந்ததற்குக் காரணமே, சார்பற்ற காரணங்களின் பங்குகள் அதில் நேராகக் கூடும் என்பதுதான். அந்தக் கட்டுரையின் பொருளோ இரத்த உறவினர்களுக்கு இடையிலான ஒட்டுறவு. சார்பின்மையின் வசதிக்காகத் தேர்ந்த அளவை, உறவைப் பற்றிய ஆய்வில் அரங்கேறியது என்பது எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரலாற்றுச் செய்தி.

கழித்தலின் பயனைக் கண்ணால் பார்க்க, புள்ளியியலில் மிகப் புகழ்பெற்ற பத்து நோயாளிகளிடம் போகலாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ மனநல மருத்துவமனையில் கஷ்னி, பீபிள்ஸ் என்ற இருவர் தூக்க மருந்துகளைச் சோதித்து 1905இல் வெளியிட்டார்கள். டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் எழுதிய கட்டுரைக்கு அந்தத் தரவை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு நோயாளிக்கும் இரண்டு மருந்துகளும் வெவ்வேறு இரவுகளில் தரப்பட்டன. மருந்தால் எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார் என்பது பதிவானது. முதல் மருந்துக்கான எண்கள்: 0.7, −1.6, −0.2, −1.2, −0.1, 3.4, 3.7, 0.8, 0.0, 2.0. இரண்டாவதுக்கு, அதே நோயாளி வரிசையில்: 1.9, 0.8, 1.1, 0.1, −0.1, 4.4, 5.5, 1.6, 4.6, 3.4.

சராசரிகள் 0.75, 2.33. வித்தியாசம் 1.58 மணி. இது உண்மையான வித்தியாசமா, தற்செயலா? மாதிரிக்கு வழக்கமானபடி பத்துக்குப் பதில் ஒன்பதால் வகுத்தால், முதல் மருந்தின் பரவற்படி 3.20, இரண்டாவதின் பரவற்படி 4.01. இவை இருவேறு நோயாளிக் குழுக்கள் என்று எண்ணிக்கொண்டால், இரண்டையும் கூட்டி 7.21 என்று வைத்து, பத்தால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும்: திட்டப்பிழை 0.85 மணி. 1.58 அதைப்போல் இரண்டு மடங்குகூட இல்லை. மருந்துகளுக்குள் வேறுபாடு உண்டு என்று உறுதியாகச் சொல்ல முடியாமல் ஆராய்ச்சியாளர் கையைப் பிசைய வேண்டியதுதான்.

எண்களை மறுபடி பாருங்கள். ஆறாவது, ஏழாவது நோயாளிகள் எந்த மருந்துக்கும் நன்றாகத் தூங்குகிறார்கள். நான்காமவருக்கும் ஐந்தாமவருக்கும் எதுவும் பெரிதாக வேலை செய்யவில்லை. மருந்துக்கு இணங்கும் உடம்பு, இணங்காத உடம்பு என்ற வேறுபாடு இரண்டு வரிசைகளிலும் சேர்ந்தே ஓடுகிறது. உடன்மாறுபாடு 2.85, ஒட்டுறவு ஏறக்குறைய 0.8. அதன் இருமடங்கை 7.21இலிருந்து கழித்தால் எஞ்சுவது 1.51 மட்டுமே. திட்டப்பிழை 0.39 ஆகச் சுருங்குகிறது; 1.58 இப்போது அதைப்போல் நான்கு மடங்கு. ஐயத்துக்கு இடமே இல்லாத வேறுபாடு. கூடுதலாக ஒரு நோயாளியைக்கூடச் சேர்க்கவில்லை. யாருடைய எண் யாருடையது என்ற தகவலைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டோம், அவ்வளவே.

அதே இருபது எண்களைக் கழிக்காமல் கூட்டினால் பரவற்படி 12.91. வித்தியாசத்தின் 1.51ஐயும் இதையும் சேர்த்தால் 14.42, அது 7.21இன் சரியான இருமடங்கு. கூட்டலில் வீங்கியதும் கழித்தலில் வற்றியதும் ஒரே அளவு. உறவு பரவலை உண்டாக்குவதுமில்லை, அழிப்பதுமில்லை. இரு பக்கமும் பங்கு பிரிக்கிறது.

இந்தப் பங்கீட்டின் நல்ல பக்கத்தைப் பிடித்துக்கொண்டு முன்னேறிய துறைகள் பல. காசெட் தம் வாழ்நாள் முழுதும் பார்லி விதை ரகங்களைப் பக்கத்துப் பக்கத்து வரிசைகளில் விதைத்து ஒப்பிடச் சொன்னார்; மண்ணின் வளம் இரண்டுக்கும் பொதுவாக இருந்தால் கழிக்கும்போது விழுந்துவிடும். செயற்கைக்கோள் வழிகாட்டலான ஜிபிஎஸ்ஸில் இது இன்னும் நாடகத்தனமாக நடந்தது. அமெரிக்க ராணுவம் பாதுகாப்புக் கருதிப் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதம் அது நிறுத்தப்படும்வரை, இருக்குமிடத்தைக் காட்டுவதில் சுமார் 100 மீட்டர் வரை தவறு நேரலாம். ஆனால் அருகருகே உள்ள இரு கருவிகளை அந்தப் பிழை ஏறக்குறைய ஒரே மாதிரித் தாக்கும். இடம் துல்லியமாகத் தெரிந்த ஒரு நிலையத்தில் ஒரு கருவியை வைத்து, அது காட்டும் பிழையைக் கப்பலில் உள்ள கருவியின் கணக்கிலிருந்து கழித்தால் தவறு சில மீட்டராகக் குறைந்தது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை இந்தத் திருத்தங்களை வானொலியில் ஒலிபரப்பியது. ராணுவம் பிழையைக் கலந்தது, அதே அரசின் இன்னொரு படை கழித்தலால் அதை நீக்கியது.

கூட்டலின் பக்கம் நிலைமை நேர்மாறு. இங்கே நேர் ஒட்டுறவு பகையாகிறது, அதுவும் உறுப்புகளின் எண்ணிக்கை ஏற ஏறப் பெரும்பகையாகிறது. இரண்டைக் கூட்டினால் பரவற்படிகள் இரண்டு, உறவு ஒன்று. நூறைக் கூட்டினால் பரவற்படிகள் 100, உறவுகள் 4,950. ஆயிரத்துக்கு 4,99,500. தனித்தனி ஏற்ற இறக்கங்களை உறவுகள் எண்ணிக்கையிலேயே மூழ்கடித்துவிடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் சமமான பரவலும், எந்த இரண்டுக்கும் இடையே ஒரே அளவு ஒட்டுறவும் இருந்தால், சராசரியின் பரவற்படி எவ்வளவு சேர்த்தாலும் ஒரு தளத்துக்குக் கீழே இறங்காது. அந்தத் தளம், ஒட்டுறவையும் தனி ஒன்றின் பரவற்படியையும் பெருக்கினால் வருவது.

பங்குச் சந்தையில் 1952இல் மார்க்கோவிட்ஸ் இதைத்தான் எடுத்துக்காட்டினார். 1990இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்கும் கிடைத்தது. தலா 20 சதவீதத் திட்ட விலக்கம் உள்ள பங்குகள், ஒட்டுறவு 0.3 என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பங்குகளில் சமமாகப் பிரித்துப் போட்டால் 12.2 சதவீதம். நூறில் போட்டால் 11.1. எத்தனை ஆயிரத்தில் போட்டாலும் 10.95க்குக் கீழே வராது. முதல் பத்திலேயே பயனின் பெரும்பகுதி வந்துவிடுகிறது. எஞ்சிய ஆபத்து சந்தைக்கே உரியது, பிரித்துப் போடுவதால் போகாது.

காப்பீடு முழுக்க இந்தத் தளத்தின் மேல்தான் நிற்கிறது. தீ விபத்துக் காப்பீட்டில் ஒரு வீடு எரிவதற்கும் அடுத்த ஊரில் ஒரு வீடு எரிவதற்கும் தொடர்பு இல்லை; பாலிசிகள் பெருகப் பெருகக் கணக்கு நிலைபெறும். பயிர்க் காப்பீட்டில் அப்படி இல்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிய 2016ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. டெல்டாவில் ஒருவர் வயல் காய்ந்தபோது பக்கத்து வயலும், பக்கத்து வட்டமும், பக்கத்து மாவட்டமும் காய்ந்தன. இங்கே இன்னும் ஒரு லட்சம் விவசாயிகளைச் சேர்ப்பதால் நிறுவனத்தின் ஆபத்து அதிகம் குறையாது, அவர்களும் அதே மழையை நம்பி இருப்பவர்கள்தான். காப்பீட்டு நிறுவனங்கள் உலகளாவிய மறுகாப்பீட்டு நிறுவனங்களிடம் போவதன் காரணம் இதுவே: தஞ்சாவூர் மழைக்கும் வேறு கண்டத்துப் புயலுக்கும் ஒட்டுறவு கிட்டத்தட்ட இல்லை. பயிர்க் காப்பீட்டில் அரசு மானியம் ஏன் என்று கேட்பவர்கள் இந்தச் சூத்திரத்தின் கடைசி உறுப்பை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லாருக்கும் ஒரே ஆண்டில் விழும் இழப்பை, அந்த விவசாயிகள் தமக்குள் மட்டும் பகிர்ந்து சமாளிக்க முடியாது.

மாதிரிக் கணக்கெடுப்பில் இதே விஷயம் வேறு பெயரில் வருகிறது. ஒரு கிராமத்தில் பத்துக் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று விசாரித்தால், பத்துத் தனித் தகவல்கள் கிடைத்ததாக எண்ணக் கூடாது. ஒரே செவிலியர், ஒரே துணை சுகாதார நிலையம், ஒரே சாலை. குழு ஒவ்வொன்றிலும் உள்ளவர்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, குழுவுக்குள் நிலவும் ஒட்டுறவால் பெருக்கி, ஒன்றைக் கூட்டினால், பரவற்படி எத்தனை மடங்காகப் பெருகியது என்று தெரியும். லெஸ்லி கிஷ் 1965இல் வெளியிட்ட நூலால் இது பரவலானது. உலக சுகாதார நிறுவனத்தின் தடுப்பூசிக் கணக்கெடுப்பு முறை 30 குழுக்கள், குழுவுக்கு 7 குழந்தைகள் என்று அமைந்தது. 210 குழந்தைகள் இருந்தும், பரவற்படி இரண்டு மடங்காகும் என்ற அனுமானத்தில், அது 105 தனித் தகவல்களுக்குத்தான் சமம். விடையில் ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகள் முன்பின் இருக்கலாம் என்று சொன்னது இப்படித்தான் வந்தது.

எதிர் ஒட்டுறவு வரும்போது இந்தப் படம் தலைகீழாகிறது, நம் எல்லாருக்கும் பழக்கமான ஓர் இடத்தில் அது வருகிறது. தேர்தல் கருத்துக்கணிப்பில் 1,000 பேரைக் கேட்டு, ஒரு கட்சிக்கு 40 சதவீதம், இன்னொன்றுக்கு 36 என்று அறிவிக்கிறார்கள். பிழை வரம்பு 3 சதவீதம் என்று கீழே சிறிய எழுத்தில் இருக்கும். முன்னிலை 4, அது 3ஐவிட அதிகம், ஆகவே முன்னிலை உறுதி என்று தொலைக்காட்சியில் பேசிவிடுகிறார்கள். ஆனால் ஒரே மாதிரியில் ஒரு கட்சிக்குப் போன ஓட்டு இன்னொன்றுக்குப் போக முடியாது. இரண்டு சதவீதங்களும் எதிர்த்திசையில் அசைகின்றன. உடன்மாறுபாடு எதிர்மறை என்பதால் கழிக்கும்போது கடைசி உறுப்பு கூட்டலாகிவிடுகிறது. கணக்குப் போட்டால் முன்னிலையின் பிழை வரம்பு 5.4 புள்ளிகள். 4 புள்ளி முன்னிலை அதற்குள் அடங்கிவிடுகிறது.

கருத்துக்கணிப்புகளில் கூட்டல் பக்கத்துப் பிழை இன்னும் விலை உயர்ந்தது. 2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் விஸ்கான்சின், மிச்சிகன், பென்சில்வேனியா மூன்றிலும் கணிப்புகள் ஒரே பக்கமாகத் தவறின. ஒரு மாநிலத்தில் கல்லூரிப் படிப்பு இல்லாத வாக்காளர்களைக் குறைவாக எடுத்தவர்கள் அடுத்த மாநிலத்திலும் குறைவாகவே எடுத்திருந்தார்கள். மாநிலப் பிழைகள் சேர்ந்தே அசையும் என்று கணக்கில் வைத்த ஃபைவ்தர்ட்டிஎய்ட் என்ற கணிப்புத் தளம் டிரம்புக்குச் சுமார் 29 சதவீத வாய்ப்பு தந்தது. அந்தச் சேர்ந்தசைவுக்கு மிகக் குறைவாக இடம் விட்ட பிரின்ஸ்டன் கணிப்பு கிளின்டன் வெற்றிக்கு 99 சதவீதம் என்றது. கணிப்புகள் எல்லாம் ஏறக்குறைய அதே கருத்துக்கணிப்புகளிலிருந்துதான் பிறந்தன. வேறுபாட்டின் பெரும்பகுதி உடன்மாறுபாட்டில் இருந்தது.

கழித்தல் எப்போதும் நன்மையே என்று எண்ணிவிடவும் கூடாது. கல்வி, உளவியல் ஆய்வுகளில் இதைச் சுற்றி நெடிய விவாதம் நடந்தது. மாணவர்களுக்குப் பாடத்துக்கு முன் ஒரு தேர்வு, பின் ஒரு தேர்வு வைத்து, வித்தியாசத்தை முன்னேற்றம் என்று எடுக்கிறோம். இரண்டு தேர்வுகளின் நம்பகத்தன்மையும் 0.9, அவற்றுக்கிடையே ஒட்டுறவு 0.8, பரவல்கள் சமம் என்று கொண்டால், முன்னேற்ற மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை 0.5 ஆக விழுகிறது. மாணவர்களுக்கு இடையிலான நிலையான வேறுபாடு கழிபட்டுப் போகிறது. ஒவ்வொரு தேர்விலும் தனித்தனியே நேரும் அளவைப் பிழைகள் மட்டும் கழிபடாமல் கூடுகின்றன. குரோன்பாக்கும் ஃபர்பியும் 1970இல் மாற்றத்தை அளக்கவே வேண்டுமா என்று கேட்கும் அளவுக்குப் போனார்கள். 1983இல் ரோகோசாவும் வில்லட்டும் மறுத்தார்கள்: எல்லா மாணவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேறினால், முன்னேற்றத்தால் அவர்களைத் தரவரிசைப்படுத்த முடியாதது இயல்பே, அது கழித்தலின் குற்றம் இல்லை. நான் இரண்டாவது தரப்போடு நிற்கிறேன். வகுப்பின் சராசரி முன்னேற்றத்தை அறியக் கழித்தலைவிடச் சிறந்த வழி இல்லை. தனி மாணவர் ஒருவரை அந்த எண்ணால் எடைபோடுவதுதான் ஆபத்து.

மருத்துவக் கருவிகளை ஒப்பிடுவதிலும் ஒட்டுறவு ஏமாற்றும். புதிய ரத்த அழுத்தக் கருவி பழையதோடு 0.95 ஒட்டுறவு காட்டுகிறது என்று விளம்பரப்படுத்துவார்கள். புதியது எல்லாருக்கும் 15 கூட்டிக் காட்டினாலும் அந்த 0.95 அப்படியே இருக்கும். பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல், ஒட்டுறவை விட்டுவிட்டு இரு கருவிகளின் வித்தியாசத்தை அவற்றின் சராசரிக்கு எதிராக வரைந்து பாருங்கள் என்றார்கள். அதன் அடியிலும் நம் சூத்திரத்தின் தம்பி ஒருவர் இருக்கிறார்: கூட்டுத்தொகைக்கும் வித்தியாசத்துக்கும் இடையிலான உடன்மாறுபாடு, இரு பரவற்படிகளின் வித்தியாசத்துக்குச் சமம். எனவே அந்தப் படத்தில் புள்ளிகள் சாய்ந்திருந்தால் ஒரு கருவி மற்றதைவிட அதிகம் பரவுகிறது என்று பொருள். பிட்மனும் மார்கனும் 1939இலேயே இதை வைத்துச் சோதனை அமைத்திருந்தார்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எஞ்சும் பெரிய தொல்லை, அந்த ஒட்டுறவு என்ன எண் என்று தெரிந்துகொள்வது. பரவற்படியைவிட ஒட்டுறவைக் கணிப்பது கடினம், அது காலத்தோடு மாறவும் செய்யும். 2008க்கு முன் அமெரிக்க வீட்டுக்கடன்களை மூட்டையாகக் கட்டி விற்றவர்கள், பல மாநிலக் கடன்கள் ஒன்றாகத் தவறாது என்ற கணக்கை, வீட்டு விலை நாடெங்கும் ஏறிக்கொண்டிருந்த ஆண்டுகளின் தரவிலிருந்து எடுத்திருந்தார்கள். விலை எங்கும் விழுந்தபோது ஒட்டுறவும் எங்கும் ஏறியது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுப்பவர்களுக்கு இது அன்றாட வேதனை. பல கட்டுரைகள் சிகிச்சைக்கு முன்னும் பின்னுமான திட்ட விலக்கங்களைத் தந்துவிட்டு, மாற்றத்தின் திட்ட விலக்கத்தைத் தராமல் விடுகின்றன. இத்தகைய தொகுப்புகளுக்கான காக்ரேன் வழிகாட்டி, அதைத் தந்த வேறோர் ஆய்விலிருந்து ஒட்டுறவைப் பின்னோக்கிக் கணக்கிட்டு எடுத்துக்கொள்ளவும், வேறு வேறு ஒட்டுறவுகளுக்கு முடிவு எப்படி மாறுகிறது என்று பார்க்கவும் சொல்கிறது. அதுவும் கிடைக்காவிட்டால் கைவசம் இருப்பது முக்கோணத்தின் எல்லை மட்டுமே: வித்தியாசத்தின் திட்ட விலக்கம் இரு திட்ட விலக்கங்களின் வித்தியாசத்துக்குக் குறையாது, கூட்டுத்தொகையை மீறாது. ஆய்வாளர் ஒரே ஓர் எண்ணைக் கூடுதலாக அச்சிட்டிருந்தால், அந்த அகன்ற இடைவெளி ஒரு புள்ளியாகியிருக்கும். இதழாசிரியர்கள் அந்த எண் இல்லாமல் முன்–பின் ஒப்பீடு எதையும் ஏற்காமல் இருக்கலாம்; அதற்குத் தாளில் ஒரு வரிகூடத் தேவையில்லை.